34 வருஷம் வெளிநாட்டாருக்குச் சொன்ன கதை. இப்போது நம்ம ஜனங்களுக்கு!
மேடையில் ஒரே ஆள்: பட்டணத்தைக் கண் முன் நிறுத்தும் 'கைடு'

சென்னை, ஆக. 24–

கையில் ஒரு கறுப்புக் குடை. தோளில் ஒரு வெள்ளை வேட்டி. மேடையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு மர நாற்காலி. வேறு எதுவும் இல்லை. வேறு யாரும் இல்லை!

ஒரே ஆள். ஒன்றே முக்கால் மணி நேரம். அதற்குள் 1639-ம் ஆண்டில் இருந்து இன்று வரை சென்னைப் பட்டணம் மேடைக்கு வந்து போகிறது. கோட்டை வருகிறது. கப்பல் வருகிறது. குண்டு விழுகிறது. டிராம் வண்டி மணி அடித்துக் கொண்டு போகிறது. எல்லாம் அந்த ஒருவரே!

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்ணடியில் ஒரு சிறிய மண்டபத்தில் இந்த நாடகம் நடந்தது. மின்விசிறி நாலு, அதில் ஓடியது மூன்று. நாற்காலி நூறு, நிரம்பியது எழுபது. டிக்கெட் ரூ.50. இரும்புக் கடைக்காரர்கள், பேப்பர் கடைச் சிப்பந்திகள், மூட்டை தூக்கும் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள் என்று கலந்து கட்டிய கூட்டம்.

நடிகர் யார் தெரியுமா? தொழில்முறை நடிகர் அல்ல. 34 வருஷம் வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சென்னையைச் சுற்றிக் காட்டிய வழிகாட்டி. வயது 61.

"பேப்பர்ல என் பேர் வேண்டாம் சார். 'கைடு'ன்னே போடுங்க. இத்தனை வருஷமா எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டாங்க" என்று கேட்டுக் கொண்டார். அப்படியே போடுகிறோம்.

முட்டி சொன்ன முடிவு

மேடைக்கு வந்தது எப்படி? அவரே சொல்கிறார்:

"2020-ல கொரோனா வந்துது. ஏரோப்ளேன் நின்னுது. ஏரோப்ளேன் நின்னா எங்க பொழைப்பும் நின்னுது. ரெண்டு வருஷம் மச்சான் கடையில கணக்கு எழுதினேன். மறுபடியும் ஆளுங்க வர ஆரம்பிச்சப்போ, என் முட்டி வரமாட்டேன்னுடுச்சு. கோட்டையில இருந்து சாந்தோம் வரைக்கும் படி ஏறி எறங்கணும். டாக்டர் 'நடக்காதீங்க'ன்னுட்டார். நடக்காத கைடு எதுக்கு ஆவான்?"

கணக்கு எழுதிய கடையில் ஒரு நாள் டீ குடித்துக் கொண்டே பேச்சுக் கொடுத்தாராம். "இந்த வால்டாக்ஸ் ரோட்டுக்கு ஏன் அந்தப் பேரு தெரியுமா?" என்று கேட்டார். கடையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியவில்லை. அதே ரோட்டில் 20 வருஷமாக வண்டி ஓட்டுகிறவருக்கும் தெரியவில்லை! இவர் சொல்லி முடித்தபோது டீ ஆறிப் போயிருந்தது. வெளியே பத்துப் பேர் நின்று கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை சார். எங்கேயோ இருந்து வர்றவங்களுக்கு எல்லாம் சொன்னேன். எதிர் வீட்டுக்காரருக்குச் சொல்லலையேன்னு மனசு உறுத்துச்சு" என்கிறார்.

அந்த உறுத்தல்தான் நாடகம் ஆகிவிட்டது.

துணிக்காக வந்த ஊர்

நாடகம் தொடங்கும்போது குடையை உயரத் தூக்கிப் பிடித்துக் கொண்டு வருகிறார். பயணிகள் கூட்டத்தில் தொலைந்து போகாமல் இருக்க வழிகாட்டிகள் அப்படித்தான் பிடிப்பார்கள். "எல்லாரும் என் குடைக்குப் பின்னாடி வாங்க" என்று சொல்லி, தோளில் இருந்த வேட்டியை உதறி மேடை முழுக்க விரிக்கிறார். அதுதான் கடல்!

1639. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் இறங்குகிறார். தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் இடம் வாங்குகிறார். நாயக்கரின் தகப்பனார் சென்னப்ப நாயக்கர். அந்தப் பெயர்தான் சென்னப்பட்டணம் ஆயிற்று.

"டே துரைக்கு சாந்தோம்ல ஒரு காதலி இருந்தா. அதுக்காகத்தான் இந்த இடத்தைப் பிடிச்சான்னு அந்தக் காலத்து வெள்ளைக்காரனே வம்பு பேசியிருக்கான். அது கெடக்கட்டும். நெஜக் காரணம் இதுதான்" என்று தரையில் கிடக்கும் வேட்டியைத் தூக்கிக் காட்டுகிறார். துணி! இங்கே துணி மலிவு. நெசவு நேர்த்தி. அதற்காகத்தான் அத்தனை தூரம் கப்பல் வந்தது.

அடுத்த நிமிடம் அந்த வேட்டி தறி ஆகிறது. கல்லில் அடித்துத் துவைக்கும் துணி ஆகிறது. வண்ணாரப்பேட்டை என்று ஏன் பெயர்? கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை. சிந்தாதிரிப்பேட்டை? 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்திய 'சின்னத் தறிப் பேட்டை'. திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டை? யார் காலடியும் பட்ட இடம் அல்ல. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் துரை நெசவாளர்களுக்காக வைத்த பேட்டை. 'காலெட்பேட்டை' நம்ம வாயில் 'காலடிப்பேட்டை' ஆகிவிட்டது!

மண்டபத்தில் ஒரே சிரிப்பு. "நான் அங்கேதான் சார் குடியிருக்கேன்!" என்று பின் வரிசையில் இருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

அலைக்கு அஞ்சாத ஆட்கள்

அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துரையும் துரைசாணியும் கரைக்கு வருவது எப்படி? மசூலா படகில். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை தூக்கி அடித்தாலும் வளைந்து கொடுக்கும். உடையாது.

கைடு நாற்காலியைக் கவிழ்த்துப் போடுகிறார். அதுவே படகு. வேட்டியைக் கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டிக் கொள்கிறார். படகுக்காரர் ஆகிவிட்டார்!

"இன்னாம்மா துரைசாணி, அலையைப் பாத்துக் கண்ணை மூடிக்கினே? கெட்டியா புட்ச்சிக்கோ. உன்னைக் கரையில கொண்டு போய் உடறது என் பொறுப்பு. நனையாம உடறேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்!"

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

படகுக்குப் பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்களாம். யாராவது தண்ணீரில் விழுந்தால் குதித்துத் தூக்குவது அவர்கள் வேலை. கப்பலுக்குக் கடிதம் கொண்டு போகிறவர்களும் அவர்களே. கடிதம் நனையக் கூடாதே! ஓலையில் பின்னிய கூம்புத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டு அலையில் பாய்வார்கள். 'கட்டுமரம்' என்ற நம்ம சொல்தான் இன்று இங்கிலீஷ் அகராதியில் 'கேட்டமரான்' என்று உட்கார்ந்திருக்கிறது.

"கவர்னர்ங்க பேரு எல்லாம் ரோட்டுக்கு இருக்குது. அவங்களைக் கரை சேர்த்தவன் பேரு ஒண்ணாவது இருக்குதா? நான் தேடிப் பாத்துட்டேன் சார், இல்லை" என்று மேடையிலேயே நிறுத்திச் சொல்கிறார். சிரித்த கூட்டம் கொஞ்சம் அமைதியானது.

வசூலாகாத வரி

ஜார்ஜ் கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம். வெளியே வடக்கில் கறுப்பர் பட்டணம். இன்று ஐகோர்ட்டு நிற்கிறதே, அந்த இடத்தில்தான் அன்று நெசவாளரும் வியாபாரிகளும் குடியிருந்தார்கள்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து பட்டணத்தைப் பிடித்தார்கள். 1749-ல் திரும்பக் கிடைத்தது. ஆனால் கோட்டைக்குப் பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வருவான் என்ற பயம் வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் பாதி இடித்தார்கள். மிச்சத்தை இங்கிலீஷ்காரர்கள் இடித்தார்கள். ஊரின் பெயரைத் தாங்கிய சென்னகேசவர் கோயிலும் போயிற்று. பிறகு 1760-களில் பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் என்று இரட்டைக் கோயில் எழுந்தது.

இனி இந்த எல்லைக்குள் வீடு கட்டக் கூடாது என்று ஆறு கல்தூண்கள் நட்டார்கள். தேதி 1773 ஜனவரி 1. ஐந்து போய்விட்டன. ஒன்று மட்டும் பாரீஸ் கார்னரில் பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் கட்டடத்தில் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பக்கம் பஸ்சுக்கு ஓடுகிறார்கள்!

சரி, வால்டாக்ஸ் ரோடு? ஹைதர் அலியின் குதிரைப் படை வந்து கலக்கிய பிறகு, வடக்கே தள்ளப்பட்ட புதுப் பட்டணத்தைச் சுற்றி மதில் கட்டினார்கள். 'வால்' என்றால் மதில். 'டாக்ஸ்' என்றால் வரி. மதில் கட்டிய செலவை ஜனங்களிடம் வரியாக வாங்கத் திட்டம். மதில் எழுந்தது. வரி வசூலாகவே இல்லை. இன்று மதிலும் போய்விட்டது, ராயபுரம் பக்கம் மாடிப் பூங்காவில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். பெயர் மட்டும் நிற்கிறது!

"வராத வரிக்குப் பேரு வச்ச ஒரே ரோடு நம்ம ரோடுதான்" என்று கைடு சொல்ல, முன் வரிசையில் இருந்த கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார்.

சொல்லாமல் விட்டது

இதற்குப் பிறகுதான் மேடையில் யாரும் எதிர்பாராத கட்டம்.

கைடு வேட்டியை மடித்துத் தோளில் போட்டுக் கொண்டு, குடையைத் தூக்கிப் பிடித்து, இங்கிலீஷில் பேச ஆரம்பிக்கிறார். 34 வருஷம் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் நின்று ஒப்பித்த அதே பேச்சு. 1680-ல் கட்டி முடித்த தேவாலயம். அதே வருஷம் எலிஹு ஏல் என்பவருக்கு அங்கே திருமணம். 1753-ல் ராபர்ட் கிளைவுக்குத் திருமணம். ஏல் 1687 முதல் 1692 வரை இங்கே கவர்னர். அவர் அனுப்பிய ஒன்பது பொதி சாமான், 417 புத்தகங்கள் ஆகியவற்றுக்கு நன்றியாக 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதுதான் ஏல் பல்கலைக்கழகம்.

இந்த இடத்தில் அமெரிக்கப் பயணிகள் போட்டோ எடுப்பார்கள். டிப்ஸ் நிறையக் கிடைக்கும்.

சட்டென்று தமிழுக்கு மாறுகிறார். குரல் இறங்குகிறது.

"ஒண்ணை நான் அவங்ககிட்டே சொன்னதே இல்லை. அதே 1680-கள்ல இந்தக் கரையில இருந்து அடிமைங்களைக் கப்பல்ல ஏத்தியிருக்காங்க. ஏல் துரை இங்கே பெரிய அதிகாரியா இருந்த காலம் அது. புஸ்தகத்துல இருந்துது. நான் படிச்சிருந்தேன். ஆனா டூர்ல சந்தோஷமா வந்தவங்க மொகம் வாடிப் போயிடும்னு விட்டுட்டேன். டிப்ஸ் கொறையும்னு விட்டுட்டேன்னும் வச்சுக்கலாம்."

மண்டபத்தில் ஓசை இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"2024-ல அந்தப் பல்கலைக்கழகமே, அடிமை முறையோட எங்களுக்குத் தொடர்பு இருந்துது, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டாங்க. பேப்பர்ல படிச்சேன். அவங்க சொல்லிட்டாங்க. இந்த ஊர்ல பொறந்த நான் சொல்ல வேணாமா? அதான் இப்போ சொல்றேன்."

பிரான்சிஸ் டேக்கு ஒரு துபாஷி இருந்தார். பேரி திம்மப்பா என்று பெயர். துபாஷி என்றால் இரண்டு பாஷை பேசுகிறவர். அவனிடம் கேட்டு இவனிடம் சொல்ல வேண்டும். இவனிடம் கேட்டு அவனிடம் சொல்ல வேண்டும். "நானும் துபாஷிதான். ஒரு பக்கம் மட்டும் பேசிட்டேன். இது ரெண்டாவது பக்கம்" என்கிறார் கைடு.

தூணுக்குக் கீழே கால்வாய்

அடுத்து 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம். கிராமங்களில் இருந்து ஜனங்கள் பட்டணத்துக்கு வந்து விழுந்தார்கள். நிவாரண வேலை என்று மண் வெட்டச் சொன்னார்கள். 1877-ல் நிர்ணயித்த கூலி, ஆண் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு!

அந்தப் பஞ்சத்தில் வெட்டியதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் கால்வாய். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு பெயரை வைத்தார்கள். இன்று அதே கால்வாயில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

கைடு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக் கொள்கிறார். அது மண் கூடை. முட்டி வலிக்க வலிக்க மேடையின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்கு நடக்கிறார். ஐந்து தடவை. ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறார்: "நாளைக்கு ரயில்ல போறப்போ ஜன்னல் வழியா கீழே ஒரு தடவை பாப்பீங்களா?"

எம்டன் வந்தான்!

அழ வைத்தவர் உடனே சிரிக்கவும் வைத்துவிடுகிறார். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்ட கதை. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மட்டும் சுழற்றுகிறார். எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஐகோர்ட்டு மதிலிலும் ஒரு குண்டு. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள்.

அந்தக் கப்பலை 48 நாளில், நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் அடித்து நொறுக்கிவிட்டது. ஆனால் நம்ம ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கெட்டிக்கார ஆசாமியைப் பார்த்தால் "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, அதுதான்!

பிறகு 1895-ல் ஓடத் தொடங்கி 1953-ல் நின்று போன டிராம். மே 1985-ல் எரிந்து சாம்பலான மூர் மார்க்கெட். "அங்கேதான் ஒரு பழைய புஸ்தகக் கடையில, இந்த ஊர் கதையை முதல் முதல்ல நாலு ரூபாய்க்கு வாங்கினேன்" என்கிறார் கைடு. அதோடு கதை அவருடைய சொந்தக் கதையோடு சேர்ந்து விடுகிறது.

"அப்போ பொய் சொன்னீங்களா?"

நாடகம் முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்று சொன்னார். கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்தார்.

"அப்போ 34 வருஷம் பொய் சொன்னீங்களா சார்?"

சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் "உக்காருப்பா" என்று அதட்டினார். கைடு தடுத்தார்.

"கேக்கட்டும், கேக்கட்டும். தம்பி, பொய் சொல்லலை. பாதி சொன்னேன். பாதி சொல்றதும் பொய் மாதிரிதான்னு எனக்கு இப்போதான் தெரியுது. உன் வயசுல நீ கேட்டுட்டே. எனக்கு 60 வயசு ஆச்சு."

மூன்றாவது வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தார். நாம் அவரிடம் பேசினோம். "கல்யாணம் ஆகி 35 வருஷம். காலையில போவார், ராத்திரி வருவார். என்ன பேசுறார்னு நான் கேட்டதே இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இன்னிக்குத்தான் முதல் தடவை கேக்கறேன்" என்றார். கண்ணைத் துடைத்துக் கொண்டார். "முட்டி வலிக்கப் போகுது, ஐந்து தடவை நடக்கணுமா? ரெண்டு தடவை நடந்தா போதாதா?" என்று கோபித்தும் கொண்டார்!

மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர், வயது 70 இருக்கும், மேடை அருகே போய்க் கைடின் கையைப் பிடித்துக் கொண்டார். "எங்க தாத்தா துறைமுகத்துல கூலி. பள்ளிக்கூடத்துப் புஸ்தகத்துல அவரு வரமாட்டாரு. இன்னிக்கு வந்தாரு" என்றார். அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை.

கணக்கு என்ன?

வசூல் ரூ.3,500. மண்டப வாடகை, மைக், விளக்கு எல்லாம் சேர்த்துச் செலவு ரூ.4,200. நஷ்டம் ரூ.700! "டூர் கைடா இருந்தப்போ ஒரு நாள்ல இதைவிட நிறைய சம்பாதிச்சேன். ஆனா ஒருத்தரும் என் கையைப் பிடிச்சதில்லை" என்கிறார்.

மண்ணடி இரும்பு வியாபாரி ஒருவர் அடுத்த காட்சிக்கு வாடகையைத் தானே கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. தன் கடைத் தெருவின் பெயர் எப்படி வந்தது என்பதையும் சேர்க்க வேண்டும்! "தேடிப் பாத்துட்டு, உறுதியா தெரிஞ்சா சேர்க்கறேன். தெரியலைன்னா சேர்க்க மாட்டேன்" என்று கைடு சொல்லிவிட்டார். வியாபாரி அதற்கும் சம்மதித்துவிட்டார்.

முடிவில் குடையை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார் கைடு. "இனிமே என் குடைக்குப் பின்னாடி வர வேண்டாம். ஊர் உங்களுது. நீங்களே போய்ப் பாருங்க" என்று கும்பிட்டுவிட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து உள்ளே போகிறார். திரை கிடையாது. அதோடு நாடகம் முடிகிறது.

நாமும் போய்ப் பார்த்தோம். திங்கட்கிழமை காலை பாரீஸ் கார்னரில் பஸ்சுக்கு நிற்கும் நேரத்தில் டேர் ஹவுசில் அந்தக் கல்தூணைத் தேடினோம். நமக்கு முன்னால் அங்கே இரண்டு பேர் நின்று பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பார்த்த பேப்பர் கடைச் சிப்பந்தி. இன்னொருவர் அவருடைய பையன். தகப்பனார் குனிந்து, விரலை நீட்டி, மகனுக்கு எதையோ சொல்லிக் கொண்டிருந்தார்.